வெள்ளைத் தோலும் ஓர் எல்லைக்கோடும்

அந்த சாம்பிள் ஷூவில் மடிக்கத் தோல் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது என் அம்மாதான். ஆம்பூரில் ஒரே கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். அம்மா பல வருடமாகத் தையல் பிரிவில். நான் போன வருடத்திலிருந்து டிசைன் பிரிவில். ஷூவின் மேல்பாகத்தை நாங்கள் அப்பர் என்போம். அதன் ஓரத்தைக் கொஞ்சம் உள்பக்கமாக மடித்து ஒட்டிய பிறகுதான் தைக்க முடியும். அந்த மடிப்புக்கு விட வேண்டிய தோல், குதிகால் துண்டில் ஒரு பக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டுத் துண்டும் கையுமாக நேராக என் மேசைக்கே வந்துவிட்டாள்.

“யார்ரா இத வரைஞ்சது? மடிக்க தோல் எங்க? பல்லால கடிச்சி இழுத்து தெக்கணுமா நாங்க?”

“நான்தாம்மா.”

பக்கத்து மேசைகளில் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “கையால வரைஞ்ச அளவு அட்டையா இருந்தா கட்டிங்லயே நிறுத்தி கேட்டிருப்பானுங்க. கம்ப்யூட்டர்ல வந்ததுன்னதும் கண்ண மூடிக்கினு வெட்டிட்டானுங்க” என்றாள்.

அது உண்மை. எங்கள் கம்பெனியில் யார் வரைந்தாலும் கேள்வி கேட்பார்கள், பிரிண்டரிலிருந்து வந்தால் மட்டும் கேட்க மாட்டார்கள். அன்று என்னை உறுத்தியது அந்த நம்பிக்கைதான்.

தவறு எங்கே நடந்தது என்று அன்று மாலையே கண்டுபிடித்தேன். நான் வரைவது இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஓவிய மென்பொருளில். அதில் கேன்வாஸ் என்கிற வரைபரப்பைத் தாண்டியும் வரையலாம், வரைந்தது திரையில் தெரியும். ஆனால் படமாக வெளியே எடுக்கும்போது கேன்வாஸுக்கு வெளியே இருப்பதெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். கேன்வாஸ் எங்கே முடிகிறது என்று காட்ட அதில் ஒரு கோடுகூடக் கிடையாது. நான் வரைந்தது வெள்ளைத் தோல் ஷூ. கேன்வாஸும் வெள்ளை, அதைச் சுற்றி இருந்ததும் வெள்ளை. குதிகால் துண்டின் ஓரம் எல்லைக்கு வெளியே போனதை நான் கவனிக்கவே இல்லை.

அந்த மென்பொருளை உருவாக்குகிறவர்களுக்கு ஒரு ஃபோரம் உண்டு. என்ன வசதி வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் அங்கே எழுதலாம். கேன்வாஸின் எல்லையை மெல்லிய கோடாகக் காட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். முன்பின் தெரியாத ஒருவரிடம் எழுத்தில் ஒன்றைக் கேட்பது எங்கள் குடும்பத்தில் அதுவரை மனு எழுதித் தருகிறவரின் வேலையாக இருந்தது.

முதல் பதிலை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியவில்லை. ஓவியர் என்பது மட்டும் தெரிந்தது. ‘எல்லை கண்ணில் படாததுதான் இந்த மென்பொருளின் அழகு. கோடு தெரிந்தால் கை தயங்கும்’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பதினோரு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். இன்னொருவர், ‘இது உங்கள் கவனக்குறைவு’ என்று முடித்துக்கொண்டார். ஃபோரத்தைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் மரியாதையாக எழுதினார்: வேறு யாருக்கும் இது தேவைப்படவில்லை என்றால் வெள்ளிக்கிழமை இந்தக் கோரிக்கையை மூடிவிடுவோம்.

கோபத்தில் நீளமாக ஒரு பதில் அடித்து, பிறகு அழித்தேன். கவனக்குறைவு என்று சொன்னது உண்மைதான். கோடு இருந்தால் கை தயங்குமா என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் பிரிவு நண்பனிடம் இதைச் சொன்னேன். என் வயதுதான் அவனுக்கு. நான் அவனை பாய் என்பேன், அவன் என்னை தோஸ்த் என்பான்.

“இன்னா தோஸ்த், ஒரு கோட்டுக்கா இவ்ளோ பேஜாரு? ஒரு பென்சில பார்சல் போடு அவனுங்களுக்கு.”

“விளையாடாத பாய். கோடு இருந்தா கை தயங்குதாம்.”

“யார் சொன்னது? கோடு இல்லன்னாதான்யா தயங்கும். வா, காட்டுறேன்.”

அவன் மேசையில் ஒரு முழுத் தோலை விரித்தான். கத்தியைத் தொடவில்லை. முதலில் பென்சிலால் தழும்பு, உண்ணி கடித்த இடம், ஓட்டை எல்லாவற்றையும் வளைத்து வளைத்துக் குறித்தான். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும் இடத்தை ஒரு கோட்டால் ஒதுக்கினான். அதற்குப் பிறகுதான் அட்டையை வைத்துக் கத்தியை எடுத்தான். கை ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. பக்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் குறிக்காமலே ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடு போட்ட அந்தத் தோலைப் படம் எடுத்தேன். வியாழக்கிழமை மாலை அதை ஃபோரத்தில் போட்டு எழுதினேன்: ‘கவனக்குறைவு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் திறமையான கைகூட எல்லையைக் குறித்த பிறகுதான் வெட்டும். எல்லை தெரிந்த கைதான் வேகமாகப் போகிறது.’

ஓவியர் விடவில்லை. ‘என் ஓவியம் உங்கள் மாட்டுத்தோல் மாதிரி இருக்க வேண்டுமா?’ என்று கேட்டார்.

‘வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படாதபோது கோட்டை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் தெரியட்டும்’ என்று எழுதினேன்.

அதன் பிறகுதான் மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருவர் முதல்முறையாகப் பேசினார். வெள்ளையிலும் கறுப்பிலும் தெரிகிற ஒரே நிறம் எது என்று கேட்டார். இதற்கு நான் யோசிக்கவே இல்லை. கறுப்புத் தோலுக்குச் சில்வர் பென்சில், வெள்ளைத் தோலுக்கு நீலம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு பென்சில் எங்களிடமே கிடையாது, பின்னணிக்கு ஏற்ப கோடு நிறம் மாற வேண்டும் என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை அந்தக் கோரிக்கையை மூடவில்லை. ‘ஏற்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் இருந்தது. கீழே ஓவியர், ‘அணைக்க முடியும் என்றால் எனக்குச் சம்மதம்’ என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சில மாதம் கழித்து வந்த மென்பொருளின் புதிய பதிப்பில் கோடு வந்தது. டீ இடைவேளையில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேன்வாஸை வெள்ளையாக்கினேன், கோடு நீலமானது. கறுப்பாக்கினேன், கோடு சாம்பல் கலந்த வெள்ளையானது. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“இத யாரெல்லாம் பாப்பாங்க?”

“அந்த சாப்ட்வேர் வெச்சிருக்கிற எல்லாரும்மா. எந்த நாட்டுல இருந்தாலும்.”

உடனே திரும்பிப் போனாள். போன வேகத்தில் தையல் பிரிவிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “தோ, இந்தக் கோடு. எம் புள்ள எழுதி கேட்டு வாங்கினது. வெள்ளக்காரங்கிட்ட சண்ட போட்டு.”

“அவரு எந்த ஊர்னே தெரியாதும்மா. சண்டையும் இல்ல, விவாதம்.”

“எதுவோ ஒண்ணு. ஜெயிச்ச இல்ல?”

நான் மட்டும் ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கோட்டில் பாதி பாயினுடையது, அணைத்து வைக்கும் வசதியில் பாதி அந்த ஓவியருடையது. ஆனாலும் அம்மா கேட்டபோது, “ஆமாம்மா” என்றுதான் சொன்னேன். அன்று அந்த ஒரு வார்த்தையைப் பங்கு போட எனக்கு மனம் வரவில்லை.

வந்த நாலு பேரில் ஓர் அக்கா மட்டும் போகாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, கேட்டா செய்வாங்களா? வளைவுல ஊசி எங்க நிறுத்தி திரும்பணும்னு பிரிண்டுல தெரியறதே இல்ல. அங்க தானா ஒரு புள்ளி விழற மாதிரி வெக்க சொல்றியா?”

ஃபோரத்தில் புதிய பக்கத்தைத் திறந்தேன். “ஒக்காருங்கக்கா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். “மறுபடியும் முதல்ல இருந்து மெதுவா சொல்லுங்க.”