அசையாத வெள்ளை

மேலே நின்று பார்க்கிற எதையும் நான் நம்புவதில்லை. வன்னியில் சண்டைக் காலத்தில் எங்கள் தலைக்கு மேல் ஆளில்லா விமானமொன்று இரைந்துகொண்டே நிற்கும், வண்டு என்போம். அது பார்த்துவிட்டுப் போனால் பின்னால் ஷெல் குண்டு வந்து விழும். அதனால், இந்தக் குளிர் நாட்டில், மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகள் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து காட்டியபோது முதலில் கேட்டது இதைத்தான்.

"ஒரே இடத்தில நிண்டு எங்களையே பாக்குதோ?"

"பட் அம்மா, அது முகிலைத்தான் பாக்குது. பூமி சுத்துற ஸ்பீட்டிலயே சுத்துறபடியால் நிக்கிற மாதிரி இருக்கும். சில நிமிசத்துக்கு ஒரு படம் அனுப்பும். அதை வச்சும்தான் ஸ்நோ வருமோ எண்டு சொல்லுறவை."

நான் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் தனியாக இருந்து திறந்தேன். காரணம் என் வீட்டுக்காரர். வடக்கே சட்பெரி நகருக்கு லொறி ஓடுகிறார். குளிர்காலத்தில் எப்போது கேட்டாலும் "வானம் வெளிச்சிருக்கு, ஒண்டுமில்லை" என்பார். அந்த ஒண்டுமில்லையை எனக்குத் தெரியும். வன்னியில் பங்கர்க் குழிக்குள் எங்கள் தலையில் மண் கொட்டுண்டபோதும் "தூரத்தில விழுந்தது" என்று சொன்ன மனிசன்.

படத்தில் அவர் போகிற பாதை முழுக்க வெள்ளை. உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, உங்கை வானம் எப்பிடி?"

"வெயில் கண்ணைக் குத்துது."

பச்சைப் பொய் என்று போனை வைத்தேன். வீட்டுக்கு வந்தவருடன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையில் சட்பெரிக்குத்தான் போகிறாரா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

விசயத்தைக் கேட்டு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு படத்தை மட்டும் பாத்தால் எப்பிடி? ஓட விட்டுப் பாருங்கோ." படங்களை வரிசையாக ஓட விட்டாள். முகில்கள் ஓடின. நான் கண்ட வெள்ளை அசையவே இல்லை. அது நிலத்தில் கிடந்த பனி. அதற்கு மேலே வானம் வெளித்துத்தான் இருந்திருக்கிறது. அன்று அவருக்கு இடியப்பமும் சொதியும் வைத்துச் சமாளித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். இப்படி எடுக்கிற படங்களை வருடக்கணக்காய்ச் சேர்த்து, ஏரிகளில் ஐஸ் எவ்வளவு குறைகிறது என்றும் பார்க்கிறார்களாம். உறையாத ஏரிக்கு மேல் குளிர்காற்று வீசினால் பனி முகில் எழும்புமாம். அவர் போகிறதும் ஏரிக்கரைப் பக்கமாகத்தான் என்பதால் அது மட்டும் என் மனதில் கிடந்து அரித்தது.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம். படங்களை ஓட விட்டேன். ஹூரன் ஏரியில் இருந்து கயிறு கயிறாய் வெள்ளை எழும்பி அவருடைய பாதைக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"உங்கை எப்பிடி?"

"வெளிச்சிருக்கு. ஒண்டுமில்லை." குரலுக்குப் பின்னால் வைப்பர் அடித்துப்பிடித்து ஓடும் சத்தம்.

"முகில் ஓடுது. நான் பாத்துக்கொண்டிருக்கிறன். அடுத்த எக்சிட்டில இறங்கி நிப்பாட்டுங்கோ."

"உமக்கு ஆர் சொன்னது?"

"மேல நிக்கிறது."

கோப்பிக் கடை வாசலில் லொறியை நிறுத்திவிட்டு எனக்குத் திருப்பிப் போன் எடுத்தார். முன்னால் போன வாகனத்தின் பின்விளக்கே தெரியவில்லையாம். பிறகு அந்த ரோட்டையே மூடிவிட்டார்கள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"பங்கருக்க இருக்கேக்க, அந்த ஷெல் தூரத்திலயோ விழுந்தது?"

"இல்லை," என்றார். "பக்கத்திலதான்."