திங்கக்கிழமை வாங்க

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வாங்கிய விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் மூன்று நாளாகக் காலியாகக் கிடந்தது. 'தாய் இப்பள்ளியின் முன்னாள் மாணவி எனில், பள்ளியைப் பற்றித் தங்கள் கருத்து' என்று கேட்டு, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்கள். என் கருத்துக்கு இரண்டு கோடு எந்த மூலைக்கு? இருபத்தேழு வருடத்துக் கோபம் அது.

"ஏம்புள்ள, திட்டறதும் அந்த ஸ்கூலத்தான், தேடிப் போறதும் அதத்தானா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் கோயமுத்தூர்க்காரர். மலையில் கன்னியர் மடத்துப் பள்ளி என்றால் எங்களுக்கு என்ன என்று அவருக்குத் தெரியாது.

நான் இன்று அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரிய டாக்டர் இங்கிலீஷில் அதட்டினால் நானும் இங்கிலீஷிலேயே பதில் சொல்வேன், குரல் நடுங்காது. அது அந்தப் பள்ளி போட்ட சோறு. ஜூலை மழையில் நனைந்த எங்கள் சாக்ஸை எல்லாம் சமையற்கட்டுக் கொடியில் அடுப்புக்கு மேலே காயவைத்து, மத்தியானம் சூடாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எது யாருடையது என்று தெரியாமல் ஆளுக்கொரு ஜோடி மாட்டிக்கொண்டு சிரிப்போம். மண் சரிந்து, ஊருக்குப் போகும் கட்டபெட்டு பஸ் வராமல் போன ஒருநாள், எங்கள் எஸ்டேட் பிள்ளைகள் ஏழு பேரையும் மடத்திலேயே தங்கவைத்து ரசமும் சுட்ட அப்பளமும் போட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு சிஸ்டர் கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு எங்களோடு நடந்தே வந்து, ஒவ்வொரு லைன் வீட்டு வாசலிலும் ஒவ்வொரு பிள்ளையாக ஒப்படைத்துவிட்டுப் போனார். மானேஜர் மகளுக்கும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள் மகளுக்கும் அங்கே ஒரே அடி, ஒரே பாராட்டு. இதையெல்லாம் நான் மறுக்கவே இல்லை.

ஆனால் என் அம்மாவை நாலு தடவை அலைய விட்டார்கள். அதை எப்படி மறப்பேன்?

பத்தாம் வகுப்பு முடிந்ததும், படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள், தங்க இடமும் தருகிறார்கள், வயதுக்கு அத்தாட்சியாகப் பள்ளியில் டி.சி. மட்டும் வாங்கி வந்தால் போதும் என்று யாரோ ஓர் ஏஜென்ட் சொல்லியிருந்தான். அப்பா வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். டி.சி. வாங்கப் போகவேண்டியது அம்மா.

அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவள். ஒரு நாள் வேலையை இன்றைக்கும் 'பேர்' என்றுதான் சொல்வாள். பள்ளிக்குப் போனால் அன்றைக்குப் பேர் போச்சு. அப்படியும் போனாள். டி.சி. எழுதுகிற சிஸ்டர் கோயமுத்தூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திங்கட்கிழமை போனால் பீரோ சாவி இல்லை. அடுத்த வாரம் டி.சி. புத்தகம் தீர்ந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் மறுபடியும் கோயமுத்தூர். ஒவ்வொரு தடவையும் நனைந்த தலைத்துணியோடு திரும்பி வந்து, "இன்னைக்கும் இல்லையாம்" என்று அப்பாவிடம் சொல்வாள். குரலில் ஒரு சலிப்புகூட இருக்காது. பாவம், நிற்கவைத்து நிற்கவைத்துப் பழகிவிட்டது என்று எனக்கு வயிறு எரியும். நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக் கூலிக்காரர்கள் என்பதால்தானே இந்த அலட்சியம்!

பெண் பிள்ளைகளை ஏற்றிப் போக வந்த ஏஜென்ட்டின் வேன் எனக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளி திறந்தது. "டி.சி. வர்ற வரைக்கும் புள்ள ஊட்டுல சும்மா எதுக்கு, வந்து கிளாஸ்ல உக்காரட்டும்" என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பிளஸ் டூ முடித்தேன், நர்ஸிங் போனேன். அது என் அதிர்ஷ்டம், அவர்களுடைய அலட்சியம். இத்தனை வருடமும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் கொடுக்கப் போன அன்றைக்கு சீசன் கூட்டம். வண்டிகள் மலைப்பாதையில் அசையவில்லை. மகளும் நானும் பாதி தூரம் நடந்தே போய் வரிசையில் நின்றோம். வரிசையில் நின்ற பெற்றோருக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? பள்ளியைத்தான் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள்.

"இங்கிலீஷ் நல்லா வருமுங்க. ஆனா ஊட்டுக்கு வந்து நம்மளயே திருத்துதுங்க" என்றார் எனக்கு முன்னால் நின்ற அம்மாள். மூத்த மகள் அங்கேதான் படிக்கிறாளாம்.

"ரொம்ப ஸ்ட்ரிக்டுங்க. ரிப்பன் ஒரு விரல் அகலமா இருந்தாக்கூட அப்பன் ஆத்தாளக் கூப்புட்டு அனுப்பறாங்க" என்றார் கேரட் லாரி வைத்திருப்பவர்.

"அப்பறம் ஏனுங்க சேக்கறீங்க?"

"அதுக்குத்தானுங்க!"

எங்கள் பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். வெளிநாட்டில் குளிருக்கு ஹீட்டர் போட்டு உட்கார்ந்துகொண்டு, 'அந்த ஒழுக்கம்தான் நம்மை ஆளாக்கியது' என்று ஒருத்தி எழுதுவாள். பெஞ்சில் முட்டி போட்டு அதிக நாள் அழுதவளே அவள்தான். நான் மட்டும் அங்கே எதுவும் எழுதியதில்லை.

ஆபீஸுக்குள், அன்றைக்கு அம்மாவைத் திருப்பித் திருப்பி அனுப்பிய அதே கிளார்க் அக்கா உட்கார்ந்திருந்தார். எங்கள் காலத்தில் கறுகறுவென்று இருந்த தலை முழுக்க வெளுத்திருந்தது. அடுத்த வருடம் ஓய்வாம். என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு முன்னால் ஒரு பட்டாளத்து அதிகாரி வடக்கே மாற்றலாகிப் போகிறார் என்று மகளுக்கு டி.சி. கேட்டார். அக்கா மேஜை டிராயரைத் திறந்தார், புத்தகத்தை எடுத்தார், எழுதினார், உள்ளே போய்ப் பெரிய சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். பத்தே நிமிடம். புத்தகம் மறுபடியும் டிராயருக்குள் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவர் போனதும் ஓர் எஸ்டேட் தொழிலாளி வாசலில் வந்து நின்றார். பின்னால் பதினைந்து பதினாறு வயதுப் பெண். பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்கிறாள் போல.

"டி.சி. ரெடிங்களா மேடம்? மூணாவது தடவ வர்றேனுங்க. ஞாயித்துக்கிழம திருப்பூர் வேன் வருது. இவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு இருக்குதுங்க, இவ போனாத்தான் ஆகும்."

கிளார்க் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதுற சிஸ்டர் கோயமுத்தூர் போயிருக்காங்க. திங்கக்கிழமை வாங்க."

எனக்கு உச்சி மண்டை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. என் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். இவளுக்கு என் கோபம் முன்கூட்டியே தெரிந்துவிடும். நான் விடுவேனா?

"ஏனுங்க்கா, இது என்ன நியாயம்? இப்பத்தான் ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தீங்க. காருல வந்தா பத்து நிமிசம், பஸ்ஸுல வந்தா திங்கக்கிழமையா? அவரு ஒரு நாள் வேலைய உட்டுட்டு வந்து நிக்கறாரில்ல? எங்கம்மாளையும் இப்படித்தான நிக்க வெச்சீங்க!"

அந்த மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நல்லாக் கேளுங்கம்மா! நாங்க கேட்டா யாரு காதுல வாங்கறா!" என்றார். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புத்தகம் அந்த டிராயர்லதான்" என்று சொல்ல நான் வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொஞ்சமாகத்தான் ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது. அக்காவைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள், மறுபடியும் தலையை ஆட்டினாள்.

வேன் ஞாயிற்றுக்கிழமை. டி.சி. திங்கட்கிழமை.

"அது வரைக்கும் புள்ள ஊட்டுல சும்மா எதுக்குங்க?" என்றார் கிளார்க் அக்கா அவரிடம், சாதாரணமாக. "பதினொண்ணாங் கிளாஸுக்கு நாளைல இருந்து கோச்சிங் நடக்குது. வந்து உக்காரட்டும்."

அடக் கடவுளே! அந்தச் சொல் மாறவே இல்லை. இருபத்தேழு வருடம்! எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கிறேன்! இதோ, இந்த வாயால் இன்னொரு நிமிடம் பேசியிருந்தால் இந்தப் பெண்ணை நானே வேனில் ஏற்றியிருப்பேன்.

அந்த மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மீதியையும் நான் கேட்பேன் என்று காத்திருந்தார்.

"அண்ணா," என்றேன், "நான்தான் தப்பாச் சொல்லிட்டேனுங்க. மொதல்ல வந்தவருக்குப் போன வாரமே எழுதி வெச்சது, இன்னைக்கு வாங்கிட்டுப் போனாரு. சிஸ்டர் நெசமாலுமே கோயமுத்தூர்தான். நானே பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், பெட்டியோட."

பட்டப்பகலில், சிலுவைக்குக் கீழே நின்று, இப்படி ஒரு புளுகு. பெட்டி என்று ஏன் சேர்த்தேனோ தெரியாது. என் மகள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார். பெண் பின்னாலேயே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஜூன் மாதம் என் மகளை விடப் போனபோது பதினொன்றாம் வகுப்பு வரிசையில் அவளைப் பார்த்தேன். அவள் அப்பா அதற்குள் எத்தனை திங்கட்கிழமை வந்து போனாரோ!

அவர்கள் போனதும் நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, காலிக் கட்டத்தில் எழுதினேன். 'எங்கள் அம்மாவை நாலு தடவை அலைய விட்டார்கள். நன்றாக இருக்கட்டும்.' இரண்டு கோடும் சரியாக நிறைந்தது. எழுந்து போய் அக்காவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "நாலு இல்ல, அஞ்சு" என்றார்.

"இல்லீங்க்கா, நாலுதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"அஞ்சாவது தடவ நீ உள்ள கிளாஸ்ல இருந்த. உனக்கெப்படித் தெரியும்? நீ குரல உசத்துனப்பவே கண்டுபுடிச்சிட்டேன், இது கட்டபெட்டுக்காரிதான்னு." அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு சிஸ்டருக்கே மனசு கேக்கல. அந்தம்மா மழைல இத்தன தடவ அலையுது, பாவம், குடுத்துருன்னுட்டாங்க. நான் எழுதி, சீல் வெச்சு, நீட்டிட்டேன். உங்கம்மா கைய நீட்டல."

"ஏனுங்க்கா?" என்றேன்.

"'இன்னைக்கும் இல்லன்னே சொல்லிருங்க. நான் அடுத்த வாரமும் வாரேன்'னாங்க. எல்லாத்தையும் தெரிஞ்சேதான் வந்துருக்காங்க, மொதல் தடவயில இருந்து. வீட்டுக்காரர்கிட்ட போனேன்னு சொல்லணுமில்ல?"

என் அம்மா, இந்தக் கிழவி, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா! அப்பா போயே ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாமே? நான் இந்தப் பள்ளியைத் திட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்! எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை, வரிசையில் ஆள் நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை, அழுதேன். மகள் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

பிறகு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி, 'நாலு' என்பதை அடித்துவிட்டு மேலே 'ஐந்து' என்று எழுதினேன்.

"அடிச்சு எழுதுனா பக்கத்துல கையெழுத்து வேணும்" என்றார் கிளார்க் அக்கா. போட்டுக் கொடுத்தேன்.