பத்திரம் இல்லாத பள்ளிக்கூடம்

மர்த்தபுரா ஆற்றின் கிளைக்கால்வாய் எங்கள் பள்ளிக்கூடத்தின் முன்னால் ஓடியது. இந்தோனேசியாவின் பஞ்சர்மாசின் நகரம் அங்கே முடிந்து சதுப்பு தொடங்கும். படகுத்துறையிலிருந்து வகுப்பறை வரை இரும்புமரப் பலகைகள் பாவிய நடைபாலம். எந்தப் பலகை ஆடும் என்று பள்ளிக் காவல்காரர் மஸ்ரானிக்குக் காலே சொல்லிவிடும். மழைக்காலம் முடிந்ததும் இற்றுப்போனதை மாற்றுவார். அவருக்கு எழுதப் படிக்க வராது.

பள்ளி நின்ற நிலமே அவர் கொடுத்ததுதான். எழுபத்தேழில் அதிகாரிகள் படகில் வந்து பள்ளிக்கூடத்துக்கு இடம் கேட்டார்கள். இருந்த இரண்டு வயல்களில் மேட்டு வயலைக் கொடுத்தார். மஞ்சள் சோறு ஆக்கி, துஆ ஓதி, வந்தவர்களுக்கெல்லாம் போட்டார். புதுப் பள்ளிக்கு வந்த தலைமையாசிரியர் தானப் பத்திரத் தாளை நீட்டினாராம்.

"துஆ ஓதிக் கொடுத்தாச்சு வாத்தியாரே. இனிமே தாள்ல எழுதினா, நான் கொடுத்ததை நானே நம்பலேன்னு ஆயிரும். சோறு ஆறுது, சாப்பிடுங்க."

தலைமையாசிரியரும் எங்கள் பக்கத்து ஆள். தாளை மடித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

பிறகு புறவழிச்சாலை வந்தது. கால்வாயைத் தூர்த்தார்கள். நடைபாலம் செம்மண்ணுக்கடியில் போயிற்று. வயல்களில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் எழுந்தன. தெருவுக்கு ஒரு பூவின் பெயர். மஸ்ரானியின் ஒரே மகன் ரஸ்லான் நிலத் தரகன் ஆனான். ஒருநாள் காகிதங்களோடு வந்தான்.

"ரோட்டுக்குப் போன வயலுக்கு நஷ்டஈடு வருதுப்பா. பெருவிரல் வைங்க."

"எத்தனை இடத்துல?"

"ஏழு."

"ஒரு வயலுக்கு ஏழா?"

"கவர்மெண்டுப்பா. பத்து விரலையும் கேக்காம விட்டானே."

மஸ்ரானி சிரித்துக்கொண்டே வைத்தார்.

அடுத்த வருஷம் பள்ளியின் வாசலில் வீடு கட்டும் நிறுவனத்தின் பெயர்ப்பலகை நின்றது. பள்ளி நிலத்தை மஸ்ரானி விற்றுவிட்டாராம். வழக்கு நடந்தது. பள்ளியின் பெயரில் எந்த அலுவலகத்திலும் ஒரு தாள்கூட இல்லை. அன்று சோறு தின்றவர்களில் மிஞ்சியவர் என் அப்பா ஒருவர்தான். பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போய் மூன்று வருஷமாகியிருந்தது.

பள்ளியின் வக்கீல் மஸ்ரானியிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மகன் பொய் சொல்லிக் கைநாட்டு வாங்கினான்னு மட்டும் சொல்லுங்க பெரியவரே. பள்ளிக்கூடம் தப்பிச்சுரும்."

"அவன்?"

"உள்ளதான் போவான். நாலு வருஷம்."



விசாரணை நாளில் நீதிபதி கேட்டார்: "நிலத்தைப் பள்ளிக்குக் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"அத்தாட்சி?"

"சோறு சாப்பிட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது உங்க கைநாட்டா?"

"ஆமா."

"விற்பனைப் பத்திரம்னு படிச்சுக் காட்டினாங்களா?"

ரஸ்லான் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்திருந்தான். மஸ்ரானி அவனைப் பார்த்தார்.

"படிச்சுக் காட்டினான்."

நோன்பு மாத விடுமுறையில் பள்ளியை இடித்தார்கள். பிள்ளைகள் நாலுவழிச் சாலையைத் தாண்டி வேறு பள்ளிக்குப் போனார்கள். நான்காம் மாதம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி லாரியில் அடிபட்டு இறந்தாள். குழி தோண்ட மஸ்ரானி மண்வெட்டியோடு மையவாடிக்குப் போனார். பெண்ணின் தகப்பன் அதை அவர் கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தான்.

"நீங்க வேண்டாம்."

அவர் மண்வெட்டியை எடுக்காமலே திரும்பிவிட்டார். நான்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வீட்டில் ரஸ்லான் உட்கார்ந்திருந்தான். பூப்பெயர்த் தெரு ஒன்றில் அன்று அவன் புதுவீட்டுக்குக் குடிபோயிருந்தான். தகப்பன் முன்னால் மஞ்சள் சோற்றுத் தட்டு.

"துஆ ஓதியாச்சுப்பா. ஒரு வாய் சாப்பிடுங்க."

"வீட்டுக்குப் பத்திரம் இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்புறம் சோறு எதுக்கு? எடுத்துட்டுப் போ."