காதுகுத்துக்கு எந்த மேளம்

மாமனார் பெயரைச் சொல்லி நான் சொன்ன பொய் என் மகளுக்காகவா, எனக்காகவா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் மன்னார்குடியில் கல்யாண ஊர்வலங்களுக்குப் போகும் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிக்கிறார். மற்ற நாளெல்லாம் வயல். ஓய்வு கிடைத்தால் போனில் ஜாஸ் கேட்டு அதைப்போலவே வாசித்துப் பார்ப்பார். போன மாதம் கனடாவிலிருந்து கொழுந்தனார் தன் மனைவியோடு வந்தார். அவள் பஞ்சாபிப் பெண். தோளில் மாட்டி இரண்டு குச்சிகளால் அடிக்கும் டோலையும் கொண்டுவந்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலமே நெல் காயப்போடும் களத்தில் என் கணவரின் டிரம்பெட்டுக்கு அவள் பாங்க்ரா அடி போட்டாள். அடுத்த நாள் செட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் குழல்களோடு வந்துவிட்டார்கள். மிக்ஸி ஓடினாலே அழுகிற என் ஒன்றரை வயது மகள், அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு தோளைக் குலுக்கி ஆடினாள்.

நான் எட்டு வருடம் பாட்டு படித்தவள். பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டு விரல் எண்ணிக்கொண்டிருந்தேன். எந்தச் சுற்றிலும் என் தட்டு அவர்களோடு சேரவில்லை.

"அக்கா, எண்ணாதே. தோள் ஆட்டு," என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

"அவ சொட்டு மருந்தையே மூணு தடவ எண்ணுவா. அவகிட்ட போய் சொல்றியே," என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கல்யாணமான நான்கு வருடத்தில் ஒருநாளும் அவர் என்னைத் தன்னோடு பாடச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. குத்தும்போது அழுகை கேட்காமல் இருக்கக் கெட்டிமேளம் கொட்டுவார்கள். அந்த நேரத்தில் டோலும் டிரம்பெட்டும் வாசிக்கலாம் என்றார் கணவர். "இதக் கேட்டா பாப்பா அழவே மாட்டா, பாரு."

"மாமா நாதஸ்வரம்தான் வேணுங்கிறாங்க. உங்ககிட்ட சொல்லச் சங்கடப்படுறாங்க," என்றேன்.

மாமா அப்படி எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் களத்தில் முதல் ஆளாக நாற்காலி போடுகிறவரே அவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். அதனால் இவர் போய்க் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். "அப்பா சொன்னா சரி," என்று டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்தார். மேளக்காரருக்கும் சொல்லியாகிவிட்டது.

"பரவால்ல அக்கா, பாப்பா சந்தோஷம் போதும்," என்று டோலுக்கு உறை போட்டாள் அவள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று மகளுக்குப் பழகட்டும் என்று போனில் மேளச் சத்தத்தைப் போட்டேன். வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நிறுத்தவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைத் தேடி வந்திருந்தாள்.

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. சொன்னால், இனி நான் கொண்டுபோகும் எந்தப் பேச்சையும் அப்பாவும் மகனும் நம்பமாட்டார்கள். சொல்லாவிட்டால் பிள்ளை பயந்து அழுவாள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். இதை முதலில் யாரிடம் சொல்வது, மாமாவிடமா, அவரிடமா, அவளிடமா?