ஒயர் வழியே போன படங்கள்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு மாடி ஸ்டுடியோவில் நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பெண்களைப் படம் எடுக்க ஒரு பெண் இருந்தால் நல்லது என்றுதான் முதலாளி என்னை வேலைக்கு வைத்தார். ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு வந்த புதிதில் ஒரு லேப்டாப்பும் வாங்கிப் போட்டார். கேமராவை யுஎஸ்பி ஒயரால் அதில் மாட்டிவிட்டால், எடுக்கிற படம் கார்டில் ஏறாமல் நேராகத் திரையில் வந்து நிற்கும். வந்தவர்கள் அங்கேயே பார்த்துப் பிடித்ததைச் சொல்லலாம்.

ஒரு மத்தியானம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா மீன் விற்பவர், கடற்கரைக் குப்பத்துக்காரர். மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் படம் வேண்டும்.

முதல் படம் எடுத்தேன். மகளின் முகம் திரையில் பெரிதாக வந்ததும் அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"இன்னா இது? இங்க எடுத்தா அங்க வருது?"

"இந்த ஒயர் வழியா போகுதுக்கா."

"அங்கேர்ந்து எங்க போவும்?"

"எங்கயும் போகாது. இங்க நெட்டே கிடையாது."

அவர் நம்பவில்லை. மேஜைக்குப் பின்னால் குனிந்து சார்ஜர் ஒயரைப் பிடித்தார். கரண்டுக்கு என்றேன். சட்டென்று பிடுங்கிவிட்டார். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, கரண்ட் இல்லாமயே ஓடுது. இதுல இன்னாவோ கீது."

"அம்மா, சும்மா இரும்மா," என்று மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ கம்முனு இரு. நம்ம தெருவுல இன்னா ஆச்சு? அந்தப் பொண்ணு படத்த ஸ்டுடியோக்காரன் ஷோகேஸ்ல மாட்டிட்டான். பாத்தவன்லாம் பேசிப் பேசியே, முடிவான கல்யாணம் நின்னு போச்சு."

அதன்பின் லேப்டாப்பை விட்டு அவர் கண் நகரவில்லை. நான் ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் திரையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. திருட்டு வேலை செய்கிறவள் மாதிரி என்னை நிறுத்திவிட்டாரே என்று தோன்றியது.

தேர்ந்தெடுத்த படங்களை சிடியில் போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணெதிரே எல்லாவற்றையும் அழித்தேன். கேமராவைக் காட்டச் சொன்னார், காட்டினேன். கார்டு காலியாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லியே. அப்ப எங்க வெச்சிகினு கீற?"

மகள்தான் வழி சொன்னாள். "அக்கா, அம்மாவுக்காக ஒரு தடவை சர்ச் போட்டுக் காட்டிடுங்களேன்."

அவர் வாயை அடைக்கத்தான் தேடினேன். அவள் படங்கள் வரிசையாக வந்தன. வேறொரு ஃபோல்டரில் முழு செட்டும் இருந்தது. எடுக்கிற ஒவ்வொரு படமும் அங்கேயும் ஒரு பிரதியாகப் போய் விழும்படி யாரோ அமைத்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா," என்றேன். சொல்லும்போதே அது பொய் மாதிரி கேட்டது.

அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டேன்.

"சாம்பிளுக்கும்மா," என்றார் சாதாரணமாக. "நல்லா வந்த படத்த ஆல்பம் போட்டு வெச்சா நாலு பேர் வருவாங்க. இதுல இன்னா?"

"கேட்டீங்களா சார் அவங்கள?"

அவர் போனை வைத்துவிட்டார்.

மகளின் படங்களை அழித்தேன். "இன்னும் எங்கனா கீதா?" என்றார் அம்மா. இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லக்கா," என்றேன். அவர் சிடியை முந்தானையில் சுற்றிக்கொண்டு மகளோடு படியிறங்கினார்.

அவர்கள் போனபின் அந்த ஃபோல்டரைத் திறந்தேன். லேப்டாப் வந்ததிலிருந்து நான் எடுத்த பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். இடையில் ஆண்களையும் எடுத்திருந்தேன்; அவர்கள் படம் ஒன்றுகூட இல்லை, யாரோ பொறுக்கி நீக்கியிருந்தார்கள். ஆல்பத்துக்கு மாப்பிள்ளைகள் வேண்டாமா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. மொத்தத்தையும் அழித்து, அந்த அமைப்பையும் மாற்றினேன்.

மறுநாள் முதலாளி, "யாரைக் கேட்டு அழிச்ச?" என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே வேலையை விட்டேன். அவர் சொன்னது நிஜமாகவே சாம்பிள்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.