அம்மா இருந்த அநாதைகள்

2008 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. காலை 9.40க்கு லிட்கம் நிலையத்தில் ரயில் ஏறினோம். சிட்னி நகரத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். போக வர ஆறு டாலர் சொச்சம். அதை ரூபாயாக்கி நான் பெருமூச்சு விட்டதும் மலர் சிரித்தாள். மதுரையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த எனக்கு ஊர் சுற்றிக்காட்டும் பக்கத்து வீட்டுக்காரி அவள், யாழ்ப்பாணத்துக்காரி.

ரெட்ஃபெர்ன் நிலையம் வருவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. வவுனியாவில் இருக்கும் தங்கையின் பதினைந்து வயது மகளை, பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கான விசாவில் அழைக்கப் பார்க்கிறாள். தகப்பன் இறந்துவிட்டார். தாய் இருக்கிறாள், அதுதான் இடைஞ்சல்.

“தன்னைக் காணேல்லை எண்டு எழுதச் சொல்லித் தங்கச்சியே சொல்லுறாள், அக்கா. எனக்குக் கை வருகுதில்லை.”

“எழுதிடுங்க மலர். சண்டைக்கு நடுவுல பொய்யாவது, மெய்யாவது” என்றேன். பிறத்தியாருக்கு யோசனை சொல்ல நான் என்றைக்குமே தயங்கியதில்லை.

10.50. மக்குவாரி தெரு, பழைய கைதிகள் குடியிருப்பின் மதில். அயர்லாந்துப் பஞ்சத்தின் நினைவிடம் இங்கேதான். மதிலை ஊடுருவி ஒரு வெண்கல மேசை: ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் வெறுங் கிண்ணம். கண்ணாடியில் பெண்களின் பெயர்கள். 1840களில், உருளைக்கிழங்கு அழுகிப்போன அந்த ஆண்டுகளில் கஞ்சி ஊற்றக்கூட அரசாங்கம் நிபந்தனை போட்டது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் அதை விட்டுவிட்டு வரவேண்டும். ஏழைகள் விடுதிக்குள் நுழைந்தால் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் தனித்தனிக் கூடம். அங்கிருந்த பெண்பிள்ளைகளை அநாதைகள் என்று பதிந்து, ஆளுக்கொரு மரப்பெட்டி கொடுத்து இங்கே கப்பலேற்றினார்கள்.

ஒரு பெயரைத் தடவிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். அது அவருடைய கொள்ளுப்பாட்டியின் பெயராம்.

“அநாதை என்றுதான் எழுதினார்கள். அம்மா அதே விடுதியில், அடுத்த கூடத்தில் உயிரோடு இருந்தாள். பாட்டி இங்கே வந்து நன்றாகத்தான் வாழ்ந்தாள், ஒன்பது பிள்ளைகள். அம்மாவைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டாளாம்.”

“போக விருப்பமா என்று அவளைக் கேட்டார்களா?” என்றாள் மலர்.

“யார் கேட்பார்கள்?” என்றார் அவர்.

மலர் என்னைப் பார்த்தாள். “நானும் பிள்ளையைக் கேக்கேல்லை, அக்கா.”

12.00. ஹைட் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்து டாலர் போன் கார்டில் வவுனியாவுக்குப் பேசினாள். ஸ்பீக்கரில் பிள்ளையின் குரல் தெளிவாக வந்தது.

“அம்மா இல்லையெண்டு எழுதினா நான் வரமாட்டன், பெரியம்மா.”

பின்னால் தாய் அவளைத் திட்டுவது கேட்டது. கார்டில் காசு தீரும்வரை திட்டினாள்.

மலர் அழுது முடித்து முகத்தைத் துடைத்தாள். “நான் எழுதப் போறேல்லை” என்றாள். அவளுக்கு ஒரு பாரம் இறங்கியிருந்தது.

புதன்கிழமை ஊருக்கு விமானம் ஏறினேன். என் மகள் மதுரையிலிருந்து சிட்னிக்குப் போக எத்தனையோ தாள்கள் நிரப்பினாள். எதிலும் என்னை இல்லை என்று எழுதவேண்டி வரவில்லை. வவுனியாப் பிள்ளை சொன்னது சரிதான். சரியானதைச் சொன்னதால் அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.