எதிர்த்தரப்பை முதலில் சொல்லச் சொன்னவர்

வழக்கறிஞர் கமலவேணி சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூர் ஆஸ்டின் டவுனில் தம் வீட்டில், மாரடைப்பால் காலமானார். இதை அவருடைய கணவர் தொலைபேசியில் என்னிடம் உறுதிப்படுத்தினார். அதற்கு முன்பே சிவில் கோர்ட் டைப்பிஸ்ட் ஒருவர் மூலம் செய்தி வந்திருந்தது. நீதிமன்ற வளாகத்தில் உலவும் சாவுச் செய்திகளில் பாதி தவறானவை என்பதால், வீட்டிலிருந்து யாராவது சொல்லும்வரை நம்பாமல் இருந்தேன். அவர் கணவர் கடைசியில், "நீங்க கண்டிப்பா விசாரிப்பீங்கன்னு தெரியும் சார்" என்றார்.

அவரோடு வழக்காடியவர்களும் அவரை எதிர்த்து வழக்காடியவர்களும் இதைப் படிப்பார்கள். இரு தரப்புக்கும் அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

வேணி கோலார் தங்கவயல்காரர். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. மாரிக்குப்பத்திலிருந்து ரயிலில் வந்து சட்டம் படித்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பெங்களூர் கோர்ட்டுகளுக்குச் செய்தி சேகரிக்கப் போனபோது, அவர் ஏற்கெனவே சொத்து வழக்குகளிலும் தொழிலாளர் வழக்குகளிலும் பெயர் பெற்றிருந்தார். அவர் அறையில் கட்சிக்காரர் உட்கார இரண்டு நாற்காலிகள் உண்டு. வருபவர் முதல் நாற்காலியில் அமர்ந்து தன் குறையைச் சொல்லலாம். முடிந்ததும் வேணி அடுத்ததைக் காட்டுவார். "இப்போ அதுல உக்காருங்க. உங்க எதிராளி என்ன சொல்வார்னு அவராவே சொல்லுங்க. திட்டாம சொல்லணும்." அது முடியாமல் வழக்குத் தாக்கல் செய்ய மாட்டார்.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலை வேலைநீக்கம் செய்த பிட்டர் தொழிலாளி ஒருவர் அந்த நாற்காலியில் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன். நீலசந்திராக்காரர், வாய்த்துடுக்கு அதிகம்.

"மேனேஜர் இன்னா சொல்லுவான் மேடம்? அவன் வாயத் தொறந்தாலே பொய்."

"அது உங்க நாற்காலி பேச்சு. இது மேனேஜர் நாற்காலி. நீங்க இப்போ மேனேஜர்."

"நானா? எனக்கு ஏசி ரூம் எங்க?"

"பேன் போடச் சொல்றேன். பேசுங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தங்கை கல்யாணத்துக்குச் சொல்லாமல் விடுப்பு எடுத்ததும், திரும்பி வந்து மேற்பார்வையாளரின் சட்டையைப் பிடித்ததும் அப்போதுதான் வெளியே வந்தன. அதுவரை அவர் மனைவிக்கே தெரியாது. "இது என் காதுக்கு வரலன்னா அவங்க வக்கீல் மூலமா ஜட்ஜ் காதுக்குப் போயிருக்கும்" என்றார் வேணி. விடுப்பையும் சட்டையையும் மனுவிலேயே ஒப்புக்கொண்டு, அந்தக் குற்றத்துக்கு வேலைநீக்கம் மிகையான தண்டனை என்று மட்டும் வாதாடினார். பிட்டருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அந்த வழக்கைப் பற்றி நான் எழுதிய செய்தி வந்த அன்று என்னை வராந்தாவில் நிறுத்தினார். "நல்லா இருக்கு சார். ஆனா நிர்வாகத்து வக்கீல் ஒழுங்கு நடவடிக்கை பத்தி ஒரு நல்ல பாயிண்ட் சொன்னாரே, அது எங்க?" தம்மை எதிர்த்த வாதத்தைச் செய்தியில் காணோம் என்று என்னிடம் கேட்ட வழக்கறிஞர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

அவரை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது மர்பி டவுன் வீட்டு வழக்கில். கணவனை இழந்து தகப்பன் வீட்டுக்குத் திரும்பியவர் சரசா. ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறார். தகப்பன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தாய் முன்பே இல்லை. அண்ணன் ஏகாம்பரம் வீட்டு வரியைக் கட்டிவந்தார். மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவான கத்தாவையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். வீட்டை வாங்கிக்கொள்ள ஒரு பில்டர் வந்தார். சரசா காலி செய்ய வேண்டும் என்றானது.

கத்தா யார் பெயரில் இருக்கிறதோ வீடு அவருக்கே என்று நம்புவது நம் ஊர்க்காரர்களின் பெரிய தவறு. அண்ணன் அப்படி நம்பினார். வேடிக்கை என்னவென்றால், தங்கையும் அப்படியே நம்பினார். "கத்தா அண்ணன் பேர்ல கீது மேடம். எனக்கு ஒரு மூலை மட்டும் வாங்கிக் குடுங்க" என்றுதான் கேட்டு வந்தார். "கத்தா வரி வசூலுக்கு. உங்க அப்பாவுக்கு யார் யார் பிள்ளைன்னு அது சொல்லாது" என்றார் வேணி. பிறகு இரண்டாவது நாற்காலியைக் காட்டினார்.

சரசா அதில் உட்கார்ந்தார். பிறகு அண்ணனாகப் பேசினார். "அப்பா படுத்த படுக்கையா இருந்தப்போ நான்தான் தூக்கிக் குளிப்பாட்டினேன். அவ புருஷன் வீட்ல இருந்தா. கூரை ஒழுகினப்போ நான்தான் ஏறினேன். இப்போ வந்து பாதி கேக்கறா." சொல்லி முடித்து, "நெசம்தான் மேடம்" என்றார் தன் குரலில்.

சாட்சிக் கூண்டில் நின்ற சரசாவை அண்ணனின் வக்கீல் மடக்கப் பார்த்தார். தகப்பனைக் கவனித்தது யார் என்று கேட்டார். "எங்க அண்ணன்தாங்க. அவர் மாதிரி யாரும் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றார் சரசா. வக்கீல் அதோடு குறுக்கு விசாரணையை முடித்துக்கொண்டார். வெளியே வராந்தாவில் ஏகாம்பரம், "இவ ஏன் இவ்வளவு நல்ல பேர் எடுக்கணும்?" என்று யாரிடமோ எரிச்சலாகக் கேட்டார். ஆனால் அன்றுவரை தங்கை நின்ற பக்கம் திரும்பாதவர், அன்று சரசா பஸ் ஏறும்வரை சாலையோரம் நின்றார்.

சரி பாதி பங்கு என்று தீர்ப்பு வந்தது. நாங்கள் அதை வெற்றி என்றோம். வேணி அப்படிச் சொல்லவில்லை. வீட்டை அளக்க நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர், அது குறுகலானது, நடுவில் சுவர் வைத்தால் ஒருவருக்கு வாசல் மிஞ்சும், மற்றவருக்குக் கழிப்பறை மிஞ்சும் என்று அறிக்கை கொடுத்தார். பிரிக்க முடியாத வீடு ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் பில்டரை மீற சரசாவால் முடியாது. "பங்கு கிடைச்சுது, கூரை போகப் போகுது. தீர்ப்பு அவ்வளவுதான் செய்யும் சார். மிச்சத்தை மனுஷங்கதான் செய்யணும்" என்றார் என்னிடம்.

அண்ணனையும் அவர் வக்கீலையும் தம் அறைக்கு அழைத்தார். ஏகாம்பரத்துக்கும் அந்த இரண்டாவது நாற்காலி காட்டப்பட்டது.

"நான் இன்னா அவளுக்கு வக்கீலா?"

"இல்ல. ஒரு நிமிஷம் அவளா இருங்க, போதும்."

"எனக்கு இந்தக் கூத்தெல்லாம் வராது மேடம்." அவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். "அவளுக்குப் போக்கிடம் இல்ல. அவ்வளவுதான் அவ கேஸு. வேற இன்னா இருக்கு சொல்ல?"

"இதுக்கு மேல என் வாதத்துலயும் ஒண்ணும் இல்ல" என்றார் வேணி.

அன்று ஆரம்பித்த பேச்சு சமரச மனுவாக முடிந்தது. கீழ் வீட்டில் சரசா வாழ்நாள் முழுதும் இருக்கலாம். மேலே ஏகாம்பரம் கட்டிக்கொள்ளலாம். சரசா இருக்கும்வரை விற்பனை இல்லை. இருவரும் கையெழுத்திட்டு மனு தாக்கலாகிவிட்டது. அதை நீதிபதி இருவரிடமும் கேட்டுப் பதிவு செய்யும் முன்பே வேணி போய்விட்டார்.

அடக்கத்துக்கு அண்ணனும் தங்கையும் தனித்தனியே வந்திருந்தார்கள். பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி முடிந்ததும் சரசா என்னிடம், "மேடம் இல்லன்னு அண்ணன் மனசு மாறிட்டா நான் எங்க சார் போவேன்?" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். ஏகாம்பரத்திடம் போய்க் கேட்டேன். "பில்டர் நேத்துகூட வந்தான். கோர்ட்டு தொறக்கட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். அவர் சொன்னதை அப்படியே இங்கே தருகிறேன். பொருள் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வேணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எந்த வழக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும், என் மனம் யார் பக்கம் சாய்கிறதோ அவருடைய எதிராளியின் வாதத்தை முதலில் முழுமையாக எழுதுகிறேன். அச்சில் அது எந்த இடத்தில் வந்தாலும் சரி, எழுதுவது முதலில். இத்தனை ஆண்டுகளில் தோற்றவர்கள்கூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம். உயிரோடு இருந்தபோது இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். "சும்மா இருங்க சார்" என்றார்.

சமரச மனு இன்னும் பதிவாகவில்லை. சரசாவுக்காகத் தாம் ஆஜராகப்போவதாக வேணியின் ஜூனியர் என்னிடம் சொன்னார். தசரா விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கும் வாரத்தில் வழக்கு விசாரணைக்கு வருகிறது. நீதிபதி அண்ணனையும் தங்கையையும் நேரில் அழைத்து, சம்மதமா என்று கேட்பார். அதுவரை சரசா அந்த வீட்டில்தான் இருக்கிறார்.